தாழிக் கல்லின் நன்னடத்தை

"ஒரு மத்தியானம்னு சொல்லித்தானேய்யா தூக்கிட்டுப் போனே—"

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"—ஒரே ஒரு மத்தியானம்! பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வெச்சிடறேன்னு இந்தப் படியில நின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்க்கா. இப்ப கல்லு எங்கிட்ட இல்ல. சீல் வெச்சிட்டாங்க."

"கல்லுக்குச் சீலா? அதென்ன கள்ளச் சாராயமா?"

"அது இப்ப வெறும் கல்லு இல்லக்கா. கொலை ஆயுதம்."

"யாரக் கொன்னுச்சு?"

"இன்னும் யாரையும் கொல்லல. அதான் பிரச்சினையே. கொல்லலாமா கூடாதான்னு கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்."

லுவான் குய்ஜி இடுப்பில் கை வைத்து நின்றாள். லெங்ஜியாங் நகரத்தின் டிராலி பஸ்களில் கண்டக்டராக இருந்து, நிறுத்தங்களின் பெயரைக் கத்திக் கத்தியே ஓய்வு பெற்றவள். அவள் மூன்றாவது மாடியில் பேசினால் முதல் மாடியில் கதவைத் திறந்து "என்ன?" என்பார்கள். எதிரே நின்ற நியே, சினிமாக் கம்பெனியில் பொருள்கள் ஏற்பாடு செய்கிறவன். நாற்பதைத் தாண்டியவன், நாய்த்தோல் தொப்பிக்குள் பாதி முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். குளிருக்கா, குய்ஜிக்கா என்று சொல்ல முடியாது.

அவர்களுக்குப் பின்னால், படிக்கட்டுத் திருப்பத்தில், இடுப்பளவு உயரமான தாழி இருந்தது. தாழிக்குள் புளிக்கோஸ். தாழியின் மேல் பலகை. பலகையின் மேல், பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, குய்ஜியின் கணவர் கிழவர் சியூ.

"நான் எந்திரிக்கலாமா?" என்றார் சியூ.

"எந்திரிச்சே, காலை ஒடிச்சிருவேன்," என்றாள் குய்ஜி.

இலையுதிர்காலம் முடிகிற நேரத்தில் கோஸை உப்பிட்டுத் தாழியில் அடுக்கி, தலையில் ஆற்றுக் கல்லை ஏற்றிவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கல்லை அரசனே கேட்டாலும் அசைக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். கல் போனால் கோஸ் தண்ணீருக்கு மேலே தலை தூக்கும். தலை தூக்கிய கோஸ் அழுகும். தாழி அழுகிய வீட்டில் அந்த வருஷம் எதுவும் விளங்காது. குய்ஜியின் வீட்டில் விளங்கவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அவள் மகனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வெய் அம்மாள், அடுப்புத் தெய்வத்தை வழியனுப்பும் நாளன்று வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வெய் அம்மாள் எந்த வீட்டுக்குப் போனாலும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் தாழி மூடியைத்தான் தூக்குவாளாம். போன வருஷம் ஒரு நல்ல வரனை மோந்து பார்த்தே தள்ளிவிட்டாள் என்று ஊரில் பேச்சு.

இவ்வளவும் தெரிந்த குய்ஜி எப்படிக் கல்லைக் கொடுத்தாள்? எல்லாம் ஒரு பெருமைதான். தலைநகரத்திலிருந்து வந்த இயக்குநர் ஃபெங், இந்தப் படிக்கட்டில் ஏறும்போது கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இந்தக் கல்லுக்கு ஒரு முகம் இருக்கு," என்றார். குய்ஜியின் மாமியாருக்கு மாமியார் ஆற்றிலிருந்து தூக்கி வந்த கல். அவர்கள் எல்லோருக்கும் கோஸைப் பிடிக்கும். கல்லுக்கு முகம் இருக்கிறதென்று ஒருத்தரும் சொன்னதில்லை. குய்ஜி உருகிவிட்டாள்.

படத்தின் கதையும் அவளுக்குப் பிடித்திருந்தது. பெயர், 'உறைந்த ஆற்றில் ஒரு பிணம்.' நடுக் குளிர்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பிணம் கிடைக்கிறது. தலையில் அடி. அடித்தது தாழிக் கல். துப்பறியும் அதிகாரி வீடு வீடாகப் போய்த் தாழிகளைத் திறந்து பார்க்கிறார். எந்த வீட்டுத் தாழியில் கல் இல்லையோ அந்த வீட்டில்தான் கொலைகாரன்.

"நல்ல கதை. கல்லில்லாத வீடு எப்படி நல்ல வீடா இருக்கும்?" என்றிருந்தாள் குய்ஜி.

இப்போது அந்த ஊரிலேயே கல்லில்லாத வீடு அவளுடையது ஒன்றுதான். கல்லுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கேன் வைத்துப் பார்த்தாள், சரிந்தது. மகன் உடற்பயிற்சிக்குத் தூக்கும் இரும்புக் குண்டை வைக்கலாமென்றால் துருப் பிடிக்கும். கடைசியில் கணவரைத் தூக்கி வைத்தாள். சியூ ஏறக்குறைய கல்லின் கனம்தான். ஆனால் கல் பேசாது, கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்காது. தாழிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பசை படக்கூடாது என்பதால் அவருக்கு இறைச்சியும் இல்லாமல் போயிற்று. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் சீட்டு விளையாடினார். அவசரத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து மாற்றி உட்காருவார்.

"கமிட்டி எங்க கூடுது?" என்றாள் குய்ஜி.

"கலாசார மாளிகையில, அக்கா. உங்களையும் கூப்பிட்டிருக்காங்க. கல்லோட குடும்பத்தார்ங்கிற முறையில."

*

லெங்ஜியாங்கில் எச்சில் துப்பினால் தரையில் 'டிங்' என்று விழும். அந்த ஊர் அந்த வருஷம் 'கதகதப்பு நகரம்' என்ற பட்டயத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. பட்டயம் தரலாமா என்று பார்க்க மாகாணத்திலிருந்து பார்வையாளர் வரப்போகிறார். அதுவரை ஊரில் நடக்கும் எதுவும், நடப்பதாகக் காட்டப்படும் எதுவும் கதகதப்பாக இருக்கிறதா என்று கவனிக்க ஒரு குழு. 'கதகதப்பு நகரத் திரைப்பட வழிகாட்டுக் குழு.' அதற்குத் துணைத் தலைவர் மோவ் ஜிங்தாங். துணை என்ற சொல்லை அவர் காது கேட்க யாரும் சொல்வதில்லை. தலைவர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

நீண்ட மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட தேநீர்க் கோப்பை. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அறையின் சூடேற்றி கெட்டுப்போயிருந்தது.

"தோழர்களே!" என்று ஆரம்பித்தார் மோவ். வாயிலிருந்து ஆவி பறந்தது. "நம்ம ஊர்ல போன வருஷம் கொலையே நடக்கல. நடந்தது ஒண்ணு. அதுவும் வருஷக் கடைசியில நடந்ததால அடுத்த வருஷத்துல சேத்துட்டோம். அடுத்த வருஷம், இது போன வருஷத்து விவகாரம்னு தள்ளிட்டோம். ஆக, கொலையே இல்ல. இப்பேர்ப்பட்ட ஊர்ல வந்து பிணம் காட்டுறது என்ன நியாயம்?"

எல்லோரும் கை தட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் மெத்தையை அடிப்பதுபோலக் கேட்டது.

இயக்குநர் ஃபெங் எழுந்தார். ஒல்லியான மனிதர், வந்ததிலிருந்து இன்னும் ஒல்லியாகியிருந்தார். "ஐயா, இது குற்றப் படம். பிணம் இல்லேன்னா—"

"பிணம் இருக்கட்டும்," என்றார் மோவ் பெருந்தன்மையோடு. "ஆனா உயிரோட இருக்கட்டும்."

காவல்துறை சார்பில் வந்திருந்த அம்மணி கை தூக்கினாள். "துப்பறியறதுக்கு எங்க ஆளுக்குப் படத்துல ஒன்றரை மணி நேரம் ஆகுது. இது எங்கள அவமானப்படுத்துற மாதிரி இருக்கு. நாங்க அவ்வளவு மந்தமா?"

"எவ்வளவு நேரம் வேணும்?"

"கொலை நடக்கறதுக்கு முன்னாடியே வந்துடுவோம்."

"குறிச்சுக்கங்க," என்றார் மோவ்.

குய்ஜிக்குத் தலை சுற்றியது. கை தூக்கினாள். "ஐயா, பிணம் உயிரோட இருந்தா, கல்லு யாரையும் அடிக்கல. யாரையும் அடிக்காத கல்ல எனக்குத் திருப்பிக் குடுத்துடலாமில்ல?"

மோவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்கதான் கல்லோட குடும்பமா? கல்லு இதுக்கு முன்னாடி எப்படி? நடத்தை எப்படி?"

"கல்லுக்கு என்னங்க நடத்தை? போட்ட எடத்துல கெடக்கும்."

"யாருக்காவது தீங்கு பண்ணியிருக்கா?"

குய்ஜி பொய் சொல்லிப் பழகாதவள். "ஒரு தடவ எங்க வீட்டுக்காரர் கால் வெரல் மேல விழுந்துச்சு. நகம் போச்சு."

மேசையைச் சுற்றி 'அட' என்று ஒரு முனகல் ஓடியது. ஒருவர் கோப்பை மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"முன் குற்றம் இருக்கு," என்றார் மோவ். "இந்தக் கல்ல இப்ப வெளிய விட முடியாது. நன்னடத்தை உறுதியாகட்டும்."

அன்று படத்துக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள். 'உறைந்த ஆற்றில் ஒருவர்.'

*

"என்னாச்சு?" என்றார் சியூ, தாழி மேலிருந்து.

"நகத்தப் பத்திச் சொல்லித் தொலைச்சிட்டேன்."

"எந்த நகம்?"

"ஒங்க நகந்தான்! அன்னிக்கு ஒங்க கால நகத்தி வெச்சிருந்தா இன்னிக்கு நமக்குக் கல்லு வந்திருக்கும்."

"கல்லப் போட்டவ நீ."

"பேசாம உக்காருங்க. கல்லு பேசுமா?"

வெய் அம்மாள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லை எப்படியாவது கேட்டு வாங்கிவிடுவதென்று குய்ஜி படப்பிடிப்பு நடக்கும் ஆற்றுக்கே போனாள்.

லாரி போகும் அளவுக்கு இறுகிக் கிடந்த ஆறு. நடுவில் கேமரா. ஒரு நடிகர் பனிக்கட்டி மேல் மல்லாந்து படுத்திருந்தார். முன்பு பிணமாக இருந்தவர். நடிகர்கள் அத்தனை பேரும் வாயில் பனிக்கட்டித் துண்டை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கதகதப்பு நகரத்தில் ஆவி பறக்கக்கூடாது என்று வழிகாட்டுதல் வந்திருந்தது. வாயைக் குளிரவைத்தால் ஆவி வராது. பேச்சும் வராது. படத்தின் மிக முக்கியமான கட்டத்தில், கொலைகாரன் (இப்போது 'கோபக்காரன்') நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினான்:

"லூ லூ லூ! லூலு லூ!"

"என்ன சொல்றான்?" என்று நியேயின் காதைக் கடித்தாள் குய்ஜி.

"'என் வாழ்க்கையையே அழிச்சவனே'ங்கிறான்க்கா."

போலீஸ்காரர்கள் முன்கூட்டியே வந்து, கொலை நடக்கப்போகும் இடத்தைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள். கோபக்காரன் கல்லைத் தூக்கவேண்டிய இடத்தில் அவனிடம் கல் இல்லை. சீலில் இருந்தது. அதனால் இரண்டு கையையும் வெறுமனே மேலே தூக்கினான். தூக்கியதுமே சரணடைந்ததாக எடுத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தழுவிக்கொண்டார்கள்.

மோவ் தடித்த கம்பளி விரித்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி," என்றார். "படுத்திருக்கிறவர் மூஞ்சி ஏன் இவ்வளவு வருத்தமா இருக்கு?"

"ஐயா, அவர் செத்துப்போக—" என்று ஃபெங் தொடங்கி நிறுத்தினார். "பனிக்கட்டி மேல படுத்திருக்கார். குளிருது."

"நம்ம ஊர்லயா குளிருது?"

படுத்திருந்த நடிகர் சிரித்தார். உதடு அப்படியே உறைந்துபோய், மூன்று பேர் வெந்நீர்ப் பையை வைத்துத் தேய்த்த பிறகும் சிரிப்பு இறங்கவில்லை.

குய்ஜி நேரே போய் மோவின் முன் நின்றாள். "தலைவரே, நீங்களும் தாழி உள்ள வீட்டுல பொறந்தவர்தான். என் சம்பந்தியாகப் போறவ அடுப்புத் தெய்வத்து நாளுக்கு வரா. கோஸ் அழுகினா எம் புள்ள கல்யாணம் நின்னுபோகும். கல்லக் குடுங்க."

மோவ் அவளை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை, ஆற்று மீன்போல மேலே வந்தது.

"அடுப்புத் தெய்வத்து நாளா? அன்னிக்குத்தான் மாகாணத்துப் பார்வையாளரும் வரார்." மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "மக்களோட கல்ல மக்களுக்கே திருப்பிக் குடுக்கிறோம். விழாவா நடத்துறோம். படத்தோட பேரு 'ஆற்றங்கரையில் அனைவரும் நலம்'னு மாத்தியாச்சு. நலமா இருக்கிற எடத்துல ஆயுதம் எதுக்கு?"

குய்ஜிக்கு அழுகை வந்தது. கன்னத்தில் உறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

*

சீல் உடைக்கும் கூட்டத்தில்தான் தெரிந்தது, கல் ஒன்றல்ல, இரண்டு.

நியே சொன்னான்: நடிகர் தலையில் நிஜக் கல்லால் அடிக்க முடியாது. அதனால் அவன் நுரைப்பஞ்சில் அதே அச்சாக ஒரு கல் செய்திருந்தான். குழு இரண்டையும் சேர்த்தே பிடித்து வைத்துவிட்டது. இப்போது சிவப்புத் துணி விரித்த மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று குய்ஜிக்கு. மற்றது, படத்தின் நினைவுப் பொருளாகக் கலாசார மாளிகையின் கண்ணாடிப் பெட்டிக்கு.

"இடது பக்கம் இருக்கிறது என்னோடது," என்றாள் குய்ஜி. "அந்த மூலையில எங்க மாமியா ஒடைச்ச சில்லு தெரியுது பாருங்க."

"நீங்க கல்லுக்கு உரிமை கோர்றவங்க," என்றார் மோவ் மென்மையாக. "உங்க பேச்சு பாரபட்சமா இருக்கும். எடுத்துக்க முடியாது."

"ஐயா, வலது பக்கத்துது நான் செஞ்சது," என்றான் நியே. "எங் கையால."

"பாத்தீங்களா, நீங்களும் பாரபட்சமானவர்தான்."

"தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சிடுமே!" என்றாள் குய்ஜி. அவள் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தொடக்கூடாதும்மா. இன்னும் ஆயுதப் பட்டியல்லதான் இருக்கு. வாக்கெடுத்துடுவோம். எது கல்லு மாதிரி இருக்கோ அதுதான் கல்லு. ஜனநாயகம்னா என்ன?"

கைகள் உயர்ந்தன. வலது பக்கத்துக் கல் பெருவாரியாக வென்றது. நியே கெட்டிக்காரன், அவன் செய்த கல் உண்மையான கல்லைவிடக் கல்லாக இருந்தது. தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை என்றும், அதற்காக இப்படி வருத்தப்பட்டதில்லை என்றும் அவன் பின்னால் சொன்னான்.

*

அடுப்புத் தெய்வத்தை வழியனுப்பும் நாள். வீட்டில் பன்றி இறைச்சி வேகிற மணம். தெய்வத்தின் வாயில் பூச இனிப்புப் பாகு தயார். வானத்து அரசனிடம் போய்க் குடும்பத்தைப் பற்றிக் கெடுதலாக எதுவும் சொல்லிவிடக்கூடாதல்லவா. பேசுகிற வாயைப் பாகு பூசி அடைக்கும் வித்தை அந்த ஊரில் அடுப்படியிலிருந்துதான் அலுவலகத்துக்குப் போனது.

வெய் அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். குட்டையான, உருண்டையான பெண்மணி. கோட்டைக் கழற்றவில்லை. தாழியைப் பார்த்தாள். தாழி மேல் உட்கார்ந்திருந்த சியூவைப் பார்த்தாள்.

"லுவான் அம்மா, இவரு ஏன் இங்க உக்காந்திருக்காரு?"

"காத்து வாங்கறாரு," என்றாள் குய்ஜி.

ஜன்னலுக்கு வெளியே கூரையின் விளிம்பில் ஆள் நீளத்துக்குப் பனிக்கூர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வெய் அம்மாள் அவற்றையும் ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

அதற்குள் கீழே தாளச் சத்தம். கல் வந்துவிட்டது. இரண்டு அதிகாரிகள் சிவப்புத் துணி கட்டிய கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். எடுத்தவுடனேயே இருவருக்கும் அது பஞ்சு என்று தெரிந்திருக்கும். ஆனால் வாக்கெடுத்துக் கல்லென்று தீர்மானித்த பொருள். அது கனக்கவில்லை என்று முதலில் சொல்லப்போவது யார்? "ஹுஹ்… ஹுஹ்…" என்று முனகினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் நெற்றியில் உண்மையாகவே வியர்த்துவிட்டது. பின்னால் மோவ், மாகாணத்துப் பார்வையாளர், புகைப்படக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால் தலை குனிந்து நியே.

"மக்களின் கல், மக்களிடமே!" என்றார் மோவ்.

குய்ஜி ஒரு கையால் வாங்கினாள். பார்வையாளரின் புருவம் உயர்ந்தது.

"இந்த அம்மாவுக்கு நல்ல பலம்," என்றார் அவர்.

"எங்க ஊர்ப் பெண்கள்!" என்றார் மோவ் அவசரமாக.

வேறு வழி இல்லை. சியூ இறங்கினார். பலகையை எடுத்தார்கள். குய்ஜி கல்லைத் தாழிக்குள் வைத்தாள். கோஸ்கள் மூச்சு விட்டதுபோல மெல்ல மேலே வந்தன. அவற்றின் தலையில் கல், குளத்து வாத்துபோல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

புகைப்படக்காரர்கள் கேமராவை இறக்கினார்கள்.

"கல்லு மிதக்குதே?" என்றார் பார்வையாளர்.

"மிதக்கல, ஐயா," என்றார் மோவ். "உயர்ந்து நிக்குது."

"கல்லுன்னா அமுங்கணுமில்ல?"

"அமுங்கும். புது எடம், கூச்சப்படுது." மோவ் ஒரு கையால் கல்லை அழுத்தினார். கை எடுத்தார், கல் எழுந்தது. இரண்டு கையால் அழுத்தினார். பார்வையாளர் கையில் பட்டயப் பெட்டி இருந்தது. அவர் அதைத் திறக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. மோவின் கண்கள் அந்தப் பெட்டிக்கும் தாழிக்கும் நடுவே ஓடின. பிறகு அவர் பலகையை வாங்கித் தாழி மேல் போட்டார். மேலங்கியைப் பின்னால் ஒதுக்கினார். ஏறி உட்கார்ந்தார்.

தாழிக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம். கோஸ் அமிழ்ந்தது.

"பாத்தீங்களா, ஐயா? நல்ல கனமான கல்லு."

பார்வையாளர் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ ஊர் பார்த்தவர். மக்கள் வீட்டுக் கோஸுக்காகத் தானே போய் உட்காரும் அதிகாரியை எங்கும் பார்த்ததில்லை என்றார். இதைவிடக் கதகதப்பு என்ன வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து பட்டயத்தை மோவின் மடியில் வைத்தார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். மோவ் எழுந்து நன்றி சொல்ல முயன்றார்.

"எந்திரிக்காதீங்க தலைவரே!" என்றாள் குய்ஜி. அந்தக் குரலுக்குப் பஸ்ஸே நின்றிருக்கிறது. மோவ் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம்?" என்றார் மெதுவாக.

"அது புளிப்பப் பொறுத்தது."

கிழவர் சியூ கழிவறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பார்வையாளர் சாப்பிட்டுவிட்டுத்தான் போவதென்று பூட்ஸைக் கழற்றினார். நியே, சியூ விட்டுப்போன பஞ்சுப் போர்வையை எடுத்து மோவுக்குப் போர்த்தினான். சமையலறையிலிருந்து இறைச்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது குய்ஜி தட்டிவிட்டாள். தாழிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பசை ஆகாது.

அப்போது வெய் அம்மாள் முன்னால் வந்தாள். பலகையின் ஓரத்தில், மோவின் முழங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தாள். வெய் அம்மாள் நிமிர்ந்தாள். மோவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். தோளில் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"சம்பந்தி," என்றாள், "எங்க வீட்டுத் தாழி இதவிடப் பெருசு, இவருக்கு மேல இருக்கிறவர் யாராச்சும் கெடைப்பாங்களா?"